வடிகட்டி வைக்குமுன் பிள்ளையிடம் சொல்லுங்கள்

(கிராம வாசிகசாலையொன்றில் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)



இம்மேடையில் எம்மைக் கண்டதும் தேர்தல் வந்துவிட்டதோ என்று எண்ணியோர் பின்வரிசையில் சிலர் இருத்தல் கூடும். அஞ்சற்க. நாம் இன்று வாக்குக் கேட்க வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் கையிலிருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றிப் பேசவே வந்துள்ளோம்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வீட்டுக்கு வந்தன. காதிற் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துப் பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுத்த தாய்மாரை நாம் அறிவோம். பின்னர் பள்ளிகள் திறந்தன. கருவியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதன் வழியே கணிதமும் வருகின்றது. பத்து வயதுப் பிள்ளை காணத்தகாத காட்சியும் வருகின்றது. பின்னதை மறிப்பதற்கு வழியுண்டா என்று கேட்கின்றீர்கள். உண்டு. அதன் பெயர் வடிகட்டி. அதனைப் பொருத்தும் முறையைச் சொல்வதற்கு முன்னர், எம்மிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்ல அனுமதியுங்கள். ஊரும் பேரும் கேட்காதீர்கள்.

தரம் ஒன்பதிற் படிக்கும் சிறுமி. தந்தை வெளிநாட்டில். அவர் அங்கிருந்தே மகளின் கருவிக்கு வடிகட்டி வைத்துவிட்டார். மகளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில பக்கங்கள் திறவாமற் போகவே, அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றார் என்று பிள்ளை தானே முடிவு செய்துகொண்டது. அவ்வேளையில் முகமறியாத ஒருவன் வட்ஸ்அப் வழியே அப்பிள்ளையின் படமொன்றைத் திரித்து அனுப்பி, பணம் கேட்டு மிரட்டினான். இருபது நாட்கள் அப்பிள்ளை வாய் திறக்கவில்லை. ஏன் தாயிடம் சொல்லவில்லை என்று நாம் கேட்டபோது, “அப்பாதான் எல்லாம் பார்க்கிறாரே. பார்த்தும் பேசாமல் இருக்கிறார், கோபமாக்கும் என்று நினைத்தேன்” என்றது.

பெரியோரே, அவ்வடிகட்டி வட்ஸ்அப் செய்தி ஒன்றையேனும் படிக்கவல்லதன்று. தந்தை எதையும் பார்க்கவில்லை. பாராத தந்தையைப் பார்த்துவிட்டு வாளாவிருந்த தந்தையாக அப்பிள்ளையின் மனத்தில் ஆக்கிவிட்டது, அவர் சொல்லாமல் வைத்த பூட்டு.

இனிப் பொருத்தும் முறை. அன்ட்ரொயிட் கருவியாயின், கூகிள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பமிலி லிங்க்’ என்னும் செயலி இலவசமாகக் கிடைக்கின்றது. அதனைப் பெற்றோர் தம் கருவியில் நிறுவி, பிள்ளையின் கூகிள் கணக்கை அதனுடன் இணைத்தல் வேண்டும். அதன்பின் பிள்ளை புதிய செயலியொன்றை இறக்க முயன்றால் உங்கள் சம்மதத்தைக் கேட்கும்படி செய்யலாம். ஆபாசத் தளங்களைக் குரோம் உலாவி மறிக்கும்படி செய்யலாம். இரவு எத்தனை மணிக்குக் கருவி ஓய வேண்டும் என்பதையும் விதிக்கலாம். தந்தை கட்டாரில் இருந்துகொண்டே இத்தனையும் செய்யலாம். அப்பிள் கருவியாயின், 2018 முதல் அமைப்புகளுக்குள்ளேயே ‘ஸ்கிரீன் ரைம்’ என்னும் பகுதி உளது. அதற்கு வைக்கும் இரகசிய எண், கருவியைத் திறக்கும் எண்ணாக இருத்தலாகாது. பிள்ளை பிறந்த ஆண்டாகவும் இருத்தலாகாது. சிரிக்கின்றீர்கள். சிரித்தவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இணையப் பெட்டி வைத்திருப்போர், அதன் டி.என்.எஸ். அமைப்பில் 1.1.1.3 என்ற எண்ணை இட்டால், கிளவுட்பிளெயர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இலவச வடிகட்டி அவ்வீட்டிலுள்ள கருவிகளுக்கு ஆபாசத் தளங்களை மறிக்கும். ஆயின் பிள்ளை படலையைத் தாண்டிச் சிம் அட்டை வழியே இணைந்தால் அம்மறிப்பு இல்லை. பல வீடுகளில் ஒரே கருவி. பகலில் தாயினது, மாலையில் பிள்ளையினது. தாயின் கணக்கிற் பிள்ளை உலாவும்போது, பிள்ளையின் கணக்குக்கு வைத்த வடிகட்டி கைகட்டி நிற்கும். சில அன்ட்ரொயிட் கருவிகளில் இரண்டாம் பயனாளர் ஒருவரைத் தனியே சேர்க்கலாம். அவ்வசதி உங்கள் கருவியில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இக்காவற்காரனிடம் ஒரு பெருங்குறை உண்டு. அவன் ஆங்கிலத்தில் வளர்ந்தவன். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் அது வசையா வாழ்த்தா என்று பிரித்தறிய அவன் தடுமாறுவான். நம் பிள்ளைகள் எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் அவ்விதமே. தன் மொழியிலேனும் அவன் தவறாதவனோ என்றால், அதுவுமில்லை. 1996இல் இங்கிலாந்திலுள்ள ஸ்கந்தோர்ப் நகரத்தார், தம் ஊரின் பெயருக்குள்ளே ஒரு கெட்ட சொல்லின் எழுத்துக்கள் ஒளிந்திருந்தமையால், ஏ.ஓ.எல். சேவையிற் கணக்குத் திறக்க முடியாமல் நின்றனர். ஆகவே பிள்ளை உயிரியற் பாடத்துக்கு இனப்பெருக்கத்தைத் தேடி மறிக்கப்பட்டால், திட்டாதீர்கள். அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து கொடுங்கள்.

இத்தனை தொல்லை நமக்கெதற்கு, அரசாங்கமே நாடு முழுவதற்கும் பூட்டிவிடட்டும் என்பார் உளர். அவர்களுக்கு இரண்டொரு செய்திகள். அவுஸ்திரேலிய அரசு 84 மில்லியன் டொலர் திட்டமொன்றின்கீழ் 2007இல் வடிகட்டியை இலவசமாக வழங்கிற்று. மெல்பேர்ணைச் சேர்ந்த 16 வயது மாணவன் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அதனைத் தாண்டிக் காட்டினான். இங்கே 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. விளைந்தது யாது? வி.பி.என். என்ற சொல்லையே கேட்டிராத மக்களும் அதனை நிறுவப் பழகிக்கொண்டனர். இன்று உங்கள் பிள்ளை உங்கள் வடிகட்டியைத் தாண்டுவதும் அதே வழியிலேதான். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, எது பொய்யென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவரின் கையிற் கொடுத்தனர். பிள்ளையைக் காக்கவென்று கொடுக்கும் பூட்டு, பத்திரிகையின் வாயிலும் தொங்கக்கூடும் என்பதை இவ்வேட்டைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2004இல், இணைய வெளியீட்டாளரைத் தண்டிக்கும் சட்டமொன்றை ஆராய்ந்தபோது, வீட்டில் வைக்கும் வடிகட்டி பேச்சுரிமைக்குக் குறைந்த ஊறு செய்வது என்று கருதி, அச்சட்டத்தின் அமுலை நிறுத்தி வைத்ததை நாம் ஏற்கின்றோம். பூட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

அங்ஙனமாயின் வீட்டில் நாம் எத்தகைய அரசாங்கம் நடத்துகின்றோம்? சட்டமியற்றுபவரும் நாமே, பொலிசும் நாமே, நீதவானும் நாமே. இத்துணை அதிகாரத்தை வேறெவரிடமேனும் கண்டால் நாம் கொடி தூக்கியிருப்போம். மக்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதி முதலில் வர்த்தமானியில் வெளிவருதல் வேண்டும். எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தல் ஆகாது. இவ்விரண்டும் பிள்ளைக்கும் உரியன. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கின்றது. 5ஆம் உறுப்புரை, பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கேற்பப் பெற்றோர் வழிகாட்ட வேண்டுமென்கின்றது. எட்டு வயதில் வைத்த பூட்டைப் பதினைந்து வயதிலும் அப்படியே வைத்திருப்பவர் வழிகாட்டவில்லை.

ஆகையால் பிள்ளையை அருகிருத்திக்கொண்டு பொருத்துங்கள். “இது இன்ன தளங்களை மறிக்கும், உன் செய்திகளை இது படிக்காது, எவனேனும் மிரட்டினால் நீ சொன்னால்தான் எமக்குத் தெரியும், சொன்னதற்காகக் கருவியைப் பறிக்கமாட்டோம்” என்று சொல்லுங்கள். கடைசியிற் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது எளிதன்று. கோபம் வரும். கருவியைப் பறித்தீர்களாயின், அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வராது. மிரட்டல் வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சியம். பொலிசாரிடமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம். அச்சிறுமி அழிக்காமல் வைத்திருந்தமையாலேதான் எமக்கு வழக்கு நடத்த முடிந்தது.

கூட்டம் முடிந்ததும் இவ்வாசிகசாலையின் இளைஞர் மூவர் வாயிலருகே மேசை போட்டு இருப்பர். பொருத்தித் தருவதற்குக் காசு வேண்டாம். பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் விட்டு வந்தோர் நாளை மாலை வரலாம். பிள்ளையின்றிக் கருவி மாத்திரம் வருமாயின், அதனைத் தொடவேண்டாமென்று அவர்களிடம் சொல்லியிருக்கின்றோம்.