விடுபட்ட ஏடு: காத்திருப்புத் தரவுத்தளமும் பதிவேட்டுத் தொடர்ச்சியும்



மொழியியல் கற்றவன் கணினிச் சிக்கலைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். தமிழிலக்கியம் கற்றோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஏடு பெயர்த்தெழுதிய நெடுவரிசையில் எங்கோ தொடர்ச்சி அறுந்தது, மூலமும் அழிந்தது. ஆயினும் பாடல்களுக்கு வரிசையெண் இருந்தமையால், இழந்தது எது, எவ்வளவு என்பதையேனும் நாம் அறிகிறோம். இன்று நான் சொல்லப்போவதும் இத்தகைய அறுந்த தொடர்ச்சி ஒன்றைப் பற்றியதே.

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அத்தோட்டத்திலும் பின்வந்த தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் காடு திருத்தினர், கொழுந்து பறித்தனர், லயங்களில் வாழ்ந்தனர். கங்காணி, கிராணி, பெரட்டு முதலிய சொற்களோடு அவர்களுக்கென்று ஒரு பேச்சு வழக்கு உருவாயிற்று. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளில் பலர் சமவெளி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். தேயிலைச் சரிவுகளில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே பணிபுரிகின்றனர். எஞ்சியுள்ள முதியோரின் பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, ஒரு தரவுத்தளத்தில் சேர்க்கும் சிறு பணியில் ஓய்வுக்குப்பின் நானும் ஈடுபட்டேன்.

முதன்மைத் தரவுத்தளம் மலையில் ஓர் அறையில் இருந்தது. மலையில் இருப்பதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அங்கே மண் சரியும், வெள்ளமும் வரும். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளோடு உயிர்களும் போயின. ஆதலால் சமவெளியில் வேறொரு கணினியில், முதன்மைத் தளத்தைப் போலவே நடக்கும் காத்திருப்புத் தரவுத்தளம் ஒன்றை அமைத்தோம். முதன்மை விழுந்தால் இது எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டும் ஒன்றுபோல் இருப்பது எவ்வாறு? தோட்டத்திலிருந்தே விடை சொல்லலாம். கொழுந்தை நிறுத்தவுடன் எடையைக் கையிலுள்ள குறிப்பேட்டில் எழுதுவர். பின்னரே அலுவலகப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவர். பேரேட்டில் ஏற்றுமுன் ஏதேனும் நேர்ந்தாலும், குறிப்பேடு இருந்தால் கணக்கை மீட்டுவிடலாம். நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் அவ்வாறே இயங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் எழுதி உறுதிசெய்யும். பிறகே அட்டவணைகளைத் திருத்தும். அப்பதிவேடு பொதுவாக 16 மெகாபைட் அளவுள்ள கூறுகளாக, வரிசையெண் இட்டு அமையும். அக்கூறுகளை அனுப்பினால், காத்திருப்புத் தளம் அவற்றை வரிசைப்படி ஏற்றி முதன்மையின் நிலையை அடையும். ஒரு கூறு விடுபட்டாலும் அடுத்ததை ஏற்ற இயலாது.

பதிவேட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘லாக்’. மரக்கட்டை என்பதே அதன் பொருள். மாலுமிகள் கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து கப்பலின் வேகம் கணித்தனர். அதை எழுதிய புத்தகத்துக்கும் அப்பெயர் வந்தது. பின்னர் அது கணினிக்கும் வந்து சேர்ந்தது. கப்பல் எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதை அறிவதே அப்புத்தகத்தின் பயன். நம் பதிவேட்டின் பயனும் அதுவே.

ஒரு மழைக்காலத்தில் மலையின் இணைய இணைப்பு பல நாள் விட்டுவிட்டு இயங்கியது. பின்னர் சீரானது. சமவெளியிலிருந்த தளம் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை தந்துகொண்டிருந்ததால், நாங்கள் ஐயுறவில்லை. ஒருநாள் மாணவி ஒருவர் தாம் எழுத்தாக்கிய மூதாட்டி ஒருவரின் பேச்சைச் சமவெளித் தளத்தில் தேடினார். அது அங்கே இல்லை. அதற்குப்பின் சேர்த்த எதுவுமே இல்லை. காத்திருப்புத் தளம் பழைய நாளொன்றில் உறைந்து நின்றிருந்தது.

காரணம் தேடிய முறையை வரிசையாகச் சொல்கிறேன். பள்ளிகளில் தரவு காப்போர்க்கு இது பயன்படும்.

முதலில், இணைப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும். வலையமைப்பு திறந்திருக்கிறதா, இடையிலுள்ள பாதுகாப்பு அரண் தடுக்கிறதா, கடவுச்சொல் மாற்றப்பட்டதா, காத்திருப்புக் கணினியின் முகவரிக்கு அனுமதி உள்ளதா என்பன இதில் அடங்கும். இரண்டாவதாக, இருபுறமும் வட்டில் இடம் உண்டா என்று நோக்க வேண்டும். பெறுமிடத்தில் வட்டு நிறைந்தால் பதிவேடு வந்து இறங்காது.

மூன்றாவதே தலையாயது. முதன்மைத் தளத்தைக் கேட்டால் நான்கு நிலைகளை அது தனித்தனியே காட்டும்: அனுப்பியது எதுவரை, மறுமுனையில் எழுதப்பட்டது எதுவரை, வட்டில் உறுதியாகப் பதிந்தது எதுவரை, ஏற்றப்பட்டது எதுவரை. பதிந்ததற்கும் ஏற்றப்பட்டதற்கும் இடைவெளி மிகுந்தால், வழி சரியாக உள்ளது. ஏற்றும் பணியே தடைப்பட்டுள்ளது என்று பொருள். நீண்ட தேடல் ஒன்று அதை நிறுத்தி வைத்திருக்கலாம்; ஒருவர் நிறுத்திவிட்டு மறந்திருக்கலாம். முதன்மைத் தளம் அந்தக் காத்திருப்புத் தளத்தின் பெயரையே காட்டாவிடில், தொடர்பே இல்லை.

எங்களுக்குத் தொடர்பே இல்லை. காத்திருப்புத் தளத்தின் செய்திக் கோப்பைத் திறந்தோம். கேட்ட பதிவேட்டுக் கூறு முன்பே நீக்கப்பட்டுவிட்டது என்று ஒரே வரி மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. இணைப்பு அறுந்திருந்த நாள்களில் முதன்மைத் தளம் தன் வழக்கப்படி பழைய கூறுகளைக் களைந்துவிட்டது. அவற்றைத் தனியே சேமித்து வைக்கும் காப்பகத்தையும் நாங்கள் அமைக்கவில்லை. காப்பகம் இருந்திருப்பின் விடுபட்டவற்றை அங்கிருந்து எடுத்துத் தொடர்ந்திருக்கலாம். வேறு வழியின்றி, முதன்மையிலிருந்து முழுப்படி எடுத்துக் காத்திருப்புத் தளத்தைப் புதிதாக அமைத்தோம். எதுவும் அழியவில்லை. ஆனால் அந்நாள்களில் மலையில் மண் சரிந்திருந்தால், அம்மூதாட்டியின் சொற்கள் ஐங்குறுநூற்றின் 129ஆம் பாடல் போன வழியே போயிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. 2017 சனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் இதே சிக்கல் எழுந்தது. காத்திருப்புத் தளம் பின்தங்கியது. அதற்கு வேண்டிய பதிவேட்டுக் கூறுகளை முதன்மை நீக்கிவிட்டது. அதைப் புதிதாக அமைக்க முயன்ற பொறியாளர், காத்திருப்புத் தளத்தில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை முதன்மையில் அழித்துவிட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது சுமார் 4.5 மட்டுமே. அன்றாடக் காப்புப்படியும் எடுக்கப்படாமலே இருந்தது. அது தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சென்றடையவில்லை. ஆறு மணி நேரத்துக்குமுன் ஒருவர் வேறொரு நோக்கத்துக்காகக் கைப்பட எடுத்த படியே அவர்களைக் காத்தது. நடந்ததை மறையாமல் அவர்கள் வெளியிட்டமையால் உலகம் பாடம் கற்றது.

நாங்கள் செய்த திருத்தங்கள் மூன்று. மறுமுனை பெற்றுக்கொள்ளும்வரை கூறுகளை நீக்காதிருக்க முதன்மைக்குக் கட்டளையிட்டோம். இதிலும் ஓர் இடர் உண்டு: மறுமுனை திரும்பி வராவிடில் கூறுகள் குவிந்து முதன்மையின் வட்டே நிறைந்து நின்றுவிடும். 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பிடலாம், நாங்களும் இட்டோம். இரண்டாவதாக, கூறுகளுக்கென்று தனிக் காப்பகம் அமைத்தோம். மூன்றாவது, யாரும் செய்யக்கூடியது. நாள்தோறும் முதன்மையில் ஒரு வரி எழுதி, அது சமவெளியில் தோன்றுகிறதா என்று ஒருவர் கண்ணால் பார்க்கிறார்.

‘அனுப்பியாயிற்று’ என்பது ஒரு வினைமுற்று. ‘சேர்ந்தது’ என்பது மற்றொன்று. இரண்டின் எழுவாயும் வேறு. முன்னதைச் சொல்லும் உரிமை அனுப்பியவர்க்கு உண்டு. பின்னதைப் பெற்றவரே சொல்ல வேண்டும். அவரிடம் கேட்காமல் நாமே சொல்லிக்கொண்ட நாள்களில்தான் எங்கள் தொடர்ச்சி அறுந்தது. மாணவர்களே, உங்கள் பாட்டியின் பேச்சைப் பதிந்து எங்கேனும் அனுப்பினால், மறுமுனையில் அதை ஒருமுறை திறந்து கேட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள்.