மோட்டார் வண்டியின் பிரேக்கும் நமது கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஓடும் வண்டியை நிறுத்துங் கருவி பழுதாயின், அதன் வேகத்தாலும் வனப்பாலும் யாது பயன்? அக்கருவியிற் சில வேளை உற்பத்தியின்போதே குறை நேர்வதுண்டு. அதனை அறிந்த கம்பெனியார், விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் செப்பனிட்டுத் தருவர். இதனை இழுக்கென்று கருதலாகாது.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு 3 முதல் செப்டம்பர் 1 வரை செய்யப்பெற்ற வாகன்-ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐ மாருதி சுசூகி கம்பெனியார் அவ்வருஷம் அக்டோபரில் திரும்ப அழைத்தனர். பின்சக்கரப் பிரேக்கிலுள்ள ஒரு சிறு முளை முறியக்கூடும், நாளடைவில் பிரேக்கின் வலிமை குன்றக்கூடும் என்பதே காரணம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், இவ்வாறு திரும்ப அழைக்கக் கட்டளையிடும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்துள்ளது. எனினும், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டியவர் உடையவரே.

பழைய வண்டி வாங்கினோர் சிறப்பாகக் கவனிக்க. கம்பெனியாரின் கடிதம் முந்திய உடையவர் வீட்டிற்குப் போய்விடலாம். வண்டியோ நம் வாயிலில் நிற்கும். பதிவுச் சான்றிதழிலுள்ள சேஸிஸ் எண்ணைக் கொண்டு, கம்பெனியாரின் இணையதளத்திலேனும் பட்டறையிலேனும் விசாரித்தறிக.

“இன்றுவரை நன்றாய்த்தானே ஓடுகிறது” என்று தாமதித்தல் தகாது. முறியும் நாள்வரை முளை நன்றாகவே தோன்றும். வண்டியில் ஏறுவோர் நம் குழந்தைகள். வீதியில் நடப்போரும் ஒரு தாய் பெற்ற குழந்தைகளே. ஆதலின் இவ்வாரமே விசாரித்தறியுமாறு வேண்டி அமர்கின்றேன்.