நடிப்புப் படிக்கும் பிள்ளையின் ஒரு நாள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னால் வைப்பு நிதி வட்டி, 15எச் படிவம், வாரிசு நியமனம் என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை செயலாளர் வேறு விஷயம் கொடுத்திருக்கிறார். போன மே மாதம் காலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியிலிருந்து வந்த சத்தம் பற்றி நம் புகார்ப் பதிவேட்டில் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. லிஃப்டில் ஒருவர் என்னிடம், "உங்க வீட்டுக்கு வந்திருக்கிற பொண்ணுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். அந்தப் பெண் என் தங்கை மகள். இங்கே திருச்சியில் பி.காம். முடித்தவள். இப்போது வெளியூரில் நாடக நடிப்பில் முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். உடம்பு நன்றாகவே இருக்கிறது. மாடியில் அவள் செய்தது வீட்டுப்பாடம்.

நடிப்புக்கு வீட்டுப்பாடமா என்று கேட்பீர்கள். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், இது எங்கே படிக்கும் படிப்பு? டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. 1959-ல் சங்கீத நாடக அகாதெமி தொடங்கியது. 1975 முதல் தனி நிறுவனம். ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள், நாடகத்தில் முன்அனுபவம் உள்ளவர்கள், தேர்வாகி மூன்றாண்டு அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரி காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். நம்மில் பலர் நாவலாசிரியராக அறிந்த இந்திரா பார்த்தசாரதி அந்தப் பள்ளியின் இயக்குநராக இருந்தவர். அவர் எழுதிய 'இராமாநுஜர்' நாடகத்துக்கு 1999-ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் கிடைத்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை இருக்கிறது. டெல்லி நாடகப் பள்ளியில் படித்துவந்த பேராசிரியர் சே. இராமானுஜம் அங்கே பணியாற்றினார். ஆக, இது யாரோ நாலு பேர் சேர்ந்து வைத்த டியூஷன் இல்லை.

இனி ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். தங்கை மகள் சொன்னதையும், இங்கே இருந்த நாட்களில் நான் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாள். ஐந்தரைக்கு உடற்பயிற்சி. ஓட்டம், யோகா, வாரத்தில் சில நாள் சிலம்பம். முதுகெலும்பும் இடுப்பும் முழங்காலும் சொன்னபடி கேட்க வேண்டும். மேடையில் விழுகிற மாதிரி நடிப்பதற்கு, அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் மாதம் முழுக்க உடம்பு வலி என்று போனில் அழுதிருக்கிறாள்.

அடுத்தது குரல். வாயை மூடிக்கொண்டு முனகுவது, மூச்சை இழுத்து ஒரே சீராக விட்டுக்கொண்டே எண்ணுவது, 'ல, ள, ழ' மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வது. ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அதே சமயம் கத்துகிற மாதிரியும் இருக்கக் கூடாது. ரகசியம் பேசும் காட்சியாக இருந்தாலும் கடைசி வரிசைக்காரர் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார்? நம் மாடியில் கேட்ட சத்தம் இதுதான்.

குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்கு வகுப்பு. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம், கிரேக்க நாடகம், ஷேக்ஸ்பியர், தெருக்கூத்து, நவீனத் தமிழ் நாடகம். இதற்குத் தேர்வு உண்டு, கட்டுரை உண்டு, வருகைப் பதிவும் உண்டு. மதியத்துக்கு மேல் காட்சிப் பயிற்சி. இரண்டு பக்க உரையாடலை ஒரு வாரம் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இந்த ஆள் ஏன் இந்த நேரத்தில் இதைச் சொல்கிறான், சொல்வதற்கு முன்னால் எங்கிருந்து வந்தான், அவனுக்கு எதிரில் இருப்பவரிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் கேள்வி.

மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. ஒன்பதும் ஆகும், பத்தும் ஆகும். மேடையேற்றம் நெருங்கினால் நேரக் கணக்கே கிடையாது. நடிக்கிறவர்களே ஆணி அடிக்க வேண்டும், துணி தைக்க வேண்டும், விளக்குக் கம்பத்தில் ஏற வேண்டும். நாடகம் முடிந்ததும் மேடையைப் பெருக்குவதும் அவர்கள்தான். போன நாடகத்தில் இவளுக்கு வேடமே கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பொருட்களுக்குப் பொறுப்பு. எந்தக் காட்சிக்கு எந்தச் சொம்பு, எந்தக் கைத்தடி என்று பட்டியல் போட்டு வைத்திருந்ததைக் காட்டினாள். பற்று, வரவு, இருப்பு என்று மூன்று கட்டம் போட்டிருந்தாள். பி.காம். வீண்போகவில்லை.

இதற்கு நடுவே 'கவனிப்பு' என்று ஒரு பயிற்சி. ஒரு தொழில் செய்யும் மனிதரைப் பல நாள் பார்த்து, அவர் உடம்பு எப்படி இயங்குகிறது என்று நோட்டில் எழுதி, பிறகு வகுப்பில் செய்து காட்ட வேண்டும். அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் செய்து வைப்பவர்களை இரண்டு நாள் பார்த்தாள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்களை மூன்று நாள் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "மாமா, பணம் எண்ணிக் காட்டுங்க" என்றாள். நூறு வெற்றுத் தாளை ரூபாய் நோட்டு அளவில் வெட்டிக் கொடுத்தாள். நான் எண்ணினேன். "தொண்ணூறு தாண்டினதும் உங்க மூச்சு நின்னுடுது மாமா, நூறு முடிஞ்சப்புறம்தான் திரும்ப வருது" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் எண்ணியிருக்கிறேன். கூட வேலை பார்த்த யாரும் அதைக் கவனித்ததில்லை, நானும்தான். ஒரு மனிதனை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற படிப்பு வேறு எத்தனை இருக்கிறது?

உலகமெங்கும் நடிப்பு மாணவர்கள் படிக்கும் ஒரு நூல், ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி எழுதியது. ஆங்கிலத்தில் 1936-ல் வந்தது. ஒரு மாணவனின் நாட்குறிப்பு மாதிரியே எழுதியிருக்கிறார். ஆரம்பத்திலேயே அந்த மாணவன் ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறான். உதவி இயக்குநர் ஒத்திகையையே ரத்து செய்துவிடுகிறார். எல்லாரும் தயாராகக் காத்திருந்த உற்சாகம் ஒருவனால் போய்விட்டது என்பது அவர் கோபம். நடிப்புப் பாடம் நேரம் தவறாமையில் தொடங்குகிறது. கவுண்ட்டர் திறக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வரிசை என்ன சொல்லும் என்று அறிந்த எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். அந்த வழியில் வந்த பாய்ஸ் கம்பெனிகள்தான் அந்தக் கால நடிப்புப் பள்ளிகள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே பாட்டும் ஆட்டமும் வசனமும். அவ்வை சண்முகம் அந்த வாழ்க்கையை 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். நம் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் என்ற சிறுவன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சேர்ந்து, சீதை வேடம் போட்டுத் தொடங்கி, பிறகு சிவாஜி கணேசன் ஆனதும் உங்களுக்குத் தெரியும். ஒரு வித்தியாசம் உண்டு. அன்று ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து போனார்கள். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்று ஒரு பட்டம் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தொரு வயதில், யோசித்துப் போகிறார்கள்.

இன்னும் பக்கத்தில் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் நீங்கள் அரையர் சேவை பார்த்திருப்பீர்கள். முத்துக்குறியில் ஒரே அரையர் தாயாகவும், மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் வருகிறார். அதே குல்லாய், அதே உடை, கையில் தாளம். குரலும் கண்ணும் கையும் மாறுவதை வைத்தே யார் பேசுவது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரையர் செய்வது பெருமாளுக்குக் கைங்கரியம். அதை நாடகத்தோடு ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் உடம்பும் குரலும் பல வருடம் பழகினால்தான் அப்படி மாறும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம்.

சரி, வயிற்றுப்பாடு? என் தங்கையும் அதைத்தான் கேட்டாள். "அண்ணா, இதை முடிச்சா மாசம் எவ்வளவு வரும்?" நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாதா மாதம் ஒரே தொகை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிகளில் நாடக ஆசிரியர் வேலை, பயிலரங்குகள், டப்பிங், நாடகக் குழுக்கள், சினிமா, தொலைக்காட்சி என்று பிரிந்து பிரிந்து வரும். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் நெட் தேர்வில் நிகழ்கலைப் பாடம் இருக்கிறது. விஜய் சேதுபதி பி.காம். படித்துக் கணக்கு எழுதியவர், ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்காளராக இருந்தவர். பசுபதி, கலைராணி போன்றவர்கள் அங்கே பயின்றவர்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் பிள்ளையை அனுப்பாதீர்கள். லாட்டரியில் பரிசு விழுந்தவரைப் பார்த்துக் குடும்ப பட்ஜெட் போட முடியாது.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, கல்விக் கடன் வாங்கினால், பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும்; வேடம் கிடைத்ததா என்று வங்கி கேட்காது. அதனால் கட்டணம் குறைவான அரசு நிறுவனங்களையே முதலில் பாருங்கள். இரண்டு, படிப்பு முடிகிற நாளில் ஆறு மாதச் செலவுக்கான பணம் அவள் பெயரில் சேமிப்பில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் தகாத இடத்தில் 'முடியாது' என்று சொல்லும் தைரியம் ஒரு பெண்ணுக்கு இருக்கும். மூன்று, மருத்துவக் காப்பீடு. உடம்பே மூலதனமாக உள்ள தொழில் இது.

தங்கை யோசித்தாள். மாப்பிள்ளைக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. வங்கித் தேர்வுப் பயிற்சிக்குக் கட்டியிருக்கலாமே என்று அவர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் தவறில்லை; கவலை அவருடையது. ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து பத்து மணி வரை உழைக்கிற பிள்ளையைச் 'சும்மா கூத்தடிக்கிறாள்' என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒப்புக்கொண்டார்.

உங்களிடமும் இரண்டு கோரிக்கைகள் உண்டு.

முதலாவது, மொட்டை மாடியில் ஐந்தரை மணிச் சத்தம் கூடாது என்பது சரி. இரவு வேலை முடித்துத் தூங்குபவர்கள், உடம்பு முடியாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக நம் சமுதாயக் கூடத்தை ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு முதல் ஏழரை வரை பயிற்சிக்குத் திறந்துவிடலாம். என் தங்கை மகளுக்கு மட்டும் கேட்கவில்லை. பரதநாட்டியம், மிருதங்கம், சிலம்பம் பழகுகிற பிள்ளைகளும் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். பெயர் எழுதி, நேரம் பிரித்துக் கொடுத்தால் போதும். மின்கட்டணத்துக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளலாம். பெருக்கித் துடைப்பது அவர்கள் பொறுப்பு. அது அவர்களுக்குப் பழக்கம்தான். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டாவது, செலவில்லாதது. இப்படிப் படிக்கிற பிள்ளையை லிஃப்டில் பார்த்தால், "எந்தப் படத்துல வர்றே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை, தலை குனிந்துகொள்கிறார்கள். "இப்ப என்ன நாடகம் ஒத்திகை நடக்குது?" என்று கேளுங்கள். நாலாவது மாடி வருவதற்குள் அவர்கள் சொல்லி முடிக்க மாட்டார்கள்.

15எச் படிவம் இன்னும் கொடுக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.