விலை சொல்லும் வாய் எவருடையது?
(பொழிவின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்து, வடக்கே வேடசந்தூர், வடகிழக்கே அய்யலூர், கிழக்கே நத்தம், தெற்கே நிலக்கோட்டை, மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி என விரிந்து கிடப்பது வானம் பார்த்த நிலம். மழை குறைவு, மண் செம்மண், ஆழக் கிணறு தோண்டினாலும் கோடையில் அடி தெரியும். அத்தகைய நிலத்திலிருந்துதான் சின்ன வெங்காயமும், தக்காளியும், முருங்கையும், மல்லிகையும், ஆட்டுக்கிடாயும் கிழமை தவறாமல் வெளியூர்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை நின்றுபோனால் கேரளத்து அடுப்புகள் பல அன்று கலங்கும். அத்துணை வளத்தையும் விளைவிப்பவன் ஒருவன். ஆனால், அவ்வளத்துக்கு விலை சொல்பவன் மற்றொருவன். பூட்டுச் செய்பவன் தன் பூட்டுக்கு விலை சொல்கின்றான். சுங்கடிச் சேலை விற்பவன் தன் சேலைக்கு விலை சொல்கின்றான். உழவன் மட்டும், விதை வாங்கச் செல்லும்போதும் “என்ன விலை?” என்று கேட்கின்றான்; விளைந்ததை விற்கச் செல்லும்போதும் “என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” என்றே கேட்கின்றான். இரண்டு இடத்திலும் கேட்கும் வாய் அவனுடையது. சொல்லும் வாய் பிறனுடையது. இந்நிலை இயற்கையன்று, ஆகலின் மாற்றத் தக்கது.

பண்டை அங்காடியும் இன்றைச் சந்தையும்

தமிழர்க்கு அங்காடி புதியதன்று. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடத்திய இனம் இது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கூலவீதியைக் காட்டுமிடத்து, நிறுக்கும் கோலும் அளக்கும் கருவியும் ஏந்தியோர் அவ்வீதியில் திரிந்ததைக் கூறுகின்றது. பட்டினப்பாலை காட்டும் வணிகரோ, வாங்குமிடத்து அளவை மீறி எடுப்பதையும் விற்குமிடத்து அளவு குறைப்பதையும் ஒருசேர இழுக்கென்று கருதியவர்கள். அளவை வெளிப்படையாக இருத்தல் வேண்டும், விலை வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்னும் இரண்டுமே பண்டைத் தமிழ் வணிகத்தின் அறமாக இருந்தன.

இன்று கிழமைச் சந்தைகளில் நிகழ்வது என்ன? வியாழக்கிழமை விடியுமுன் அய்யலூரில் ஆட்டுச் சந்தை கூடுகின்றது. தமிழ்நாட்டுக் கால்நடைச் சந்தைகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. தரகர் இருவர் தம் கைகளின்மீது ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வர். துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றி விலை பேசுவர். அருகில் நிற்பவனுக்கு விலை தெரியாது; சிலபோது ஆட்டுக்கு உடையவனுக்கே தெரியாது. விரலில் பேசாதபோது தமக்குள் மட்டும் வழங்கும் எண்ணுப் பெயர்களால் பேசுவர். இத்தகைய சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்று வகைப்படுத்தியுள்ளது. ஒரு குழுவினர் தம் தொழிலுக்கென மறைமொழி வைத்துக்கொள்வதை இலக்கணம் ஏற்கின்றது. ஆனால், அம்மறைமொழி, ஆறு திங்கள் ஆட்டோடு வெயிலில் அலைந்தவனைத் தன் பொருளின் விலைக்கே அயலான் ஆக்குமாயின், அது குழுவின் குறி அன்று, குழுவின் கொள்ளை.

காய்கறிப் பேட்டையில் துண்டு இல்லை, சீட்டு உண்டு. அச்சீட்டில் தரகு ஒருபுறம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி ஒருபுறம், சாக்குக்கெனக் கழிக்கும் எடை ஒருபுறம். இவையெல்லாம் போக மிஞ்சுவதே விலை. உழவன் அவ்விலையை அறியும்போது அவனுடைய தக்காளி வண்டியிலிருந்து இறங்கிவிட்டிருக்கும். இறங்கிய தக்காளியை மீண்டும் ஏற்றிச் செல்ல வண்டிக்கூலி வேண்டும். ஏற்றிச் சென்று வைத்திருக்கவோ அது வெங்காயமன்று. விலை அடிமட்டத்துக்குச் சென்ற நாள்களில் ஒட்டன்சத்திரத்திலும் அய்யலூரிலும் தக்காளி சாலையோரத்தில் கொட்டப்பட்டதைக் கண்டோர் பலர். அது சினத்தால் கொட்டியதன்று, கணக்கறிந்து கொட்டியது. பறிப்புக் கூலியும் வண்டிக் கூலியும் விலையை விஞ்சினால், கொட்டுவதுதான் குறைந்த இழப்பு.

ஆட்டு மயிர் கற்பிக்கும் பாடம்

விலை வீழ்ச்சி ஒரு கிழமையோடு போனால் உழவன் தாங்குவான். அவ்வீழ்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அது செம்மறியாட்டு மயிர்.

கோவை, பழைய மதுரை மாவட்டப் பகுதிகளில் வழிவழியாக வளர்ந்துவந்தது குரும்பை ஆடு. கோயமுத்தூர் ஆடு என்றும் கூறுவர். 1985-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல்லும் இவ்வாட்டின் நிலமே. இதன் மயிர் வெண்ணிறமானது, ஆனால் முரடானது. மெரினோ ஆட்டின் மென்மயிர் இருபது மைக்கிரான் பருமனை ஒட்டி நிற்க, இதன் மயிர் நாற்பதை ஒட்டிய பருமனுடையது. ஒரு கத்தரிப்பில் ஓர் ஆடு தருவது அரைக்கிலோவுக்கும் குறைவு. எனினும் அம்முரட்டு மயிர்தான் குழித்தறியில் கம்பளியாயிற்று. மழைக்கும் பனிக்கும் ஆயனைக் காத்தது அது. விரித்தால் படுக்கை, போர்த்தால் குடை, கட்டினால் மூட்டை. வாங்குபவன் அடுத்த ஊரிலேயே இருந்தான். ஆகவே விலையும் அடுத்த ஊரிலேயே பேசப்பட்டது.

பின்னர் ஆலையில் நெய்த மலிவான போர்வை வந்தது. செயற்கை இழை வந்தது. மயிரை வாங்குபவன் குறைந்தான். கத்தரிக்கும் கூலி மயிரின் விலையை எட்டியது, பின்னர் விஞ்சியது. ஆயன் என்ன செய்வான்? மயிருக்காக வளர்த்த ஆட்டைக் கைவிட்டு, இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற மேச்சேரி ஆட்டுக் கிடாயை மந்தையில் விட்டான். அவ்வாறு கலந்து கலந்து குரும்பை மந்தை சுருங்கிற்று. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில், அறுத்த ஆட்டின் தோலுக்கு ஒரு விலை உண்டு; உயிரோடு நிற்கும் ஆட்டின் மயிருக்கு விலை இல்லை.

மென்மயிர் ஆட்டை உருவாக்கும் முயற்சியும் இம்மாவட்டத்திலேயே நடந்தது. கோடைமலையின் மன்னவனூரில் 1965-ஆம் ஆண்டு நடுவண் செம்மறியாடு, மயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் அமைந்தது. உள்நாட்டு ஆடுகளோடு அயல்நாட்டு மென்மயிர் ஆடுகளைக் கலந்து உருவாக்கிய பாரத் மெரினோ அங்கு வளர்கின்றது. ஆனால், மலைக்குளிருக்கு ஏற்ற அவ்வாடு திண்டுக்கல் சமவெளியின் வெயிலுக்கு ஏற்றதன்று. இன்று அந்நிலையத்தில் இறைச்சி முயலும் வளர்க்கப்படுகின்றது. மயிர் குன்றி, இறைச்சி ஓங்கிய கதையை ஆராய்ச்சி நிலையமும் காட்டி நிற்கின்றது.

இந்திய அளவிலும் இதே போக்குத்தான். 2018-19-இல் நாலு கோடிக் கிலோவுக்குச் சற்று மேற்பட்டிருந்த இந்திய மயிர் விளைச்சல், 2022-23-இல் 3.36 கோடிக் கிலோவாகக் குறைந்தது. அதே 2022-ஆம் ஆண்டின் திசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆத்திரேலிய வணிக உடன்பாடு, ஆத்திரேலிய மயிருக்கான இறக்குமதி வரியை நீக்கிற்று. ஆலைக்கு அது நன்று. ஆயனுக்கு அதனால் என்ன நன்மை என்று கேட்பார் இல்லை.

கடல்கடந்த நாட்டின் பட்டறிவு

அந்த ஆத்திரேலியாவின் கதையையும் தமிழுழவன் அறிதல் வேண்டும். அங்கு 1974 முதல், மயிருக்கு அடிவிலை வகுத்து, அவ்விலைக்கு எவரும் வாங்காவிடில் உழவர் பணத்தில் இயங்கிய பொது அமைப்பே வாங்கிச் சேமித்தது. 1988-இல் அடிவிலை கிலோவுக்கு 870 செண்டாக உயர்த்தப்பட்டது. உயர்ந்த விலையைக் கண்டு உழவர் மந்தையைப் பெருக்கினர். அதே வேளையில் சீனமும் சோவியத்து நாடும் வாங்குவதைக் குறைத்தன. ஆலைகள் செயற்கை இழைக்கு மாறின. 1990-இல் அடிவிலை 700 செண்டாகக் குறைக்கப்பட்டும் பயனில்லை. 1991 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அப்போது கிடங்குகளில் தேங்கியிருந்தவை ஏறத்தாழ 47 இலக்கம் பொதிகள். அவற்றை விற்றுத் தீர்க்க 2001 வரை ஆயிற்று. மேய்ச்சலுக்கும் விலைக்கும் மிஞ்சிய ஆடுகள் இலக்கக் கணக்கில் சுட்டுப் புதைக்கப்பட்டன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தோன்றுகின்றன. முதலாவது, வாங்குபவன் இல்லாத பொருளுக்கு விலையை மட்டும் உயர்த்திப் பிடித்தால், பிடித்த கை ஓயும்போது எல்லாம் ஒருசேர விழும். இரண்டாவது, அங்கு விலை விழுந்தபோதும் மறைவாக விழவில்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் பிரிமாந்திலிலும் ஏலம் நடக்கின்றது. விலைக் குறியீடு உடனுக்குடன் வெளியிடப்படுகின்றது. 2018 ஆகத்தில் கிலோவுக்கு 2116 செண்டைத் தொட்ட கிழக்குச் சந்தைக் குறியீடு, பெருந்தொற்றின்போது 2020 செப்தம்பரில் 858 செண்டுக்கு இறங்கியது. பாதிக்கும் கீழான வீழ்ச்சி! எனினும், கத்தரிப்பதா, காத்திருப்பதா, மந்தையைக் குறைப்பதா என்று முடிவெடுக்கும் முன்னரே ஆட்டுக்கு உடையவன் அவ்வெண்ணை அறிந்திருந்தான். அய்யலூர் ஆயன் தன் ஆட்டின் விலையைத் துண்டுக்கு அடியில் தேடுகின்றான். வேறுபாடு செல்வத்தில் மட்டுமன்று. அறிவிக்கும் முறையிலும் உள்ளது.

வெங்காயத்துக்கு வந்த தடை

மயிரை வாங்குபவன் தானே விலகினான். சின்ன வெங்காயத்தை வாங்குபவனோ விலகவில்லை; விலக்கப்பட்டான். சின்ன வெங்காயத்தை விரும்பி வாங்குவோர் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். அவருள் தமிழரும் உள்ளனர். ஆனால், மராட்டியத்துப் பெரிய வெங்காயத்தின் விலை வடநாட்டு நகரங்களில் ஏறும்போதெல்லாம் தில்லி ஏற்றுமதியைத் தடுக்கின்றது. 2019 செப்தம்பரிலும், 2020 செப்தம்பரிலும், 2023 திசம்பரிலும் அவ்வாறே நடந்தது. பெரிய வெங்காயத்துக்கு இட்ட பூட்டு சின்ன வெங்காயத்தின் கதவையும் சேர்த்துப் பூட்டிற்று. 2020 அத்தோபரில் பெங்களூர் ரோசு, கிருட்டிணாபுரம் என்னும் இருவகை வெங்காயத்துக்கு அளவிட்ட விலக்குக் கிடைத்தது. தமிழுழவனின் சின்ன வெங்காயத்துக்கு அவ்விலக்கு இல்லை. பெயர் தனியே எழுதப்படாத பொருளுக்கு உரிமையும் தனியே கிடைப்பதில்லை. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்று உழவர் கேட்பதன் பொருள் இதுவே.

செய்யத் தக்கவை

வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலேயே வழிகாட்டிகள் உண்டு. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, நாள் விலையைத் தமிழில் பலகையில் எழுதி வைத்தது. அப்பலகையைப் படிக்க எவர் உதவியும் வேண்டியதில்லை.

அப்பலகை ஒவ்வொரு கிழமைச் சந்தையின் வாயிலிலும், ஆட்டுச் சந்தை உட்பட, நிற்றல் வேண்டும். சென்ற கிழமையின் குறைந்த விலை, நடுவிலை, உயர்ந்த விலை மூன்றும், கிலோக் கணக்கில், தமிழில் எழுதப்படல் வேண்டும். ஆட்டை உயிரெடையில் நிறுத்து விற்கும் முறை வருமாயின் துண்டுக்கு வேலை இராது. விற்பனைச் சீட்டில் எடை, விலை, தரகு, கழிவு ஒவ்வொன்றும் உழவன் படிக்கும் மொழியில் தனித்தனியே வருதல் வேண்டும். வெங்காயத்தைப் பட்டறையிட்டுக் காக்கும் பழைய அறிவு உழவனிடம் உண்டு. பட்டறையில் கிடக்கும் வெங்காயத்தின்மேல் குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால், அறுவடைக் கிழமையின் அடிவிலைக்கு அவன் தள்ளப்படமாட்டான்.

மயிருக்கோ, விலையை அன்று, பயனைத் தேடுதல் வேண்டும். முரட்டு மயிர் போர்வைக்கு மட்டும் உரியதன்று; விரிப்புக்கும் ஏற்றது. எதற்கும் ஆகாத மயிரும் மண்ணில் இட்டால் ஈரம் காக்கும். மெல்ல மக்கித் தழைச்சத்துத் தரும். ஆட்டுக்கிடை போட்டு மண்ணை வளப்படுத்திய ஊருக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2020-இல் பிரித்தானிய உழவர் சிலர் விலைபோகாத மயிரை எரித்தனர். வேறு சிலர் மக்கவிட்டு உரமாக்கினர். எரித்தவர்க்குச் சாம்பல் மிஞ்சியது; மக்கவிட்டவர்க்கு மண் மிஞ்சியது.

பெருமக்களே! ஒரு பொருளின் விலை வீழும்போது பணம் மட்டும் போவதில்லை. குரும்பை மந்தை குறைந்தால் கத்தரிப்பவன் தொழில் போகும், நூற்பவள் கதிர் நிற்கும், குழித்தறி மண்மூடும். கிடை, பட்டி, மறி, மோழை, பாவு, ஊடை என அத்தொழிலைச் சுற்றி வாழ்ந்த தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக அகராதிக்குள் சென்று அடங்கும். சொல்லைக் காக்க விரும்புவோர் அச்சொல்லை ஆளும் தொழிலையும் காத்தல் வேண்டும். தொழிலைக் காக்க விரும்புவோர், அத்தொழில் செய்பவன் தன் பொருளின் விலையைத் தானே அறிந்து, தன் வாயால், தன் மொழியில் சொல்லுமாறு செய்தல் வேண்டும். அடுத்த வியாழக்கிழமை அய்யலூரில் துண்டு விரியும்போது, “துண்டை எடுங்கள், விலையைச் சொல்லுங்கள்” என்று கேட்கும் ஒருவன் அங்கு நிற்கட்டும். அவன் பின்னால் ஊர் நிற்கட்டும்.