எடையை எங்க குறைக்கலாம், எங்க கை வைக்கக் கூடாது?

இன்னைக்கு கோடிங் பக்கம் போகல. கார் பத்திப் பேசலாம்.

காலேஜ்ல மூணாவது வருஷம், மாணவர்களுக்கான ஃபார்முலா போட்டிக்கு ஒரு குட்டி ரேஸ் கார் கட்டினோம். எடைக் கணக்கு வெச்சிருந்த எக்ஸெல் ஷீட் என் பொறுப்பு. "மச்சி, 200 கிராம்தானே, சேஃப்டிக்குச் சேர்த்துக்கிறேன்"னு ஒவ்வொருத்தனா வருவான். நானும் தலையாட்டிடுவேன். கடைசியில தராசுல ஏத்தினா, போட்ட கணக்கைவிட 40 கிலோ அதிகம்.

பதறிப்போய் ட்ரில்லை எடுத்து கண்ணுல பட்ட இடமெல்லாம் ஓட்டை போட்டோம். அதுல ஒண்ணு, பிரேக் பெடலைத் தாங்குற பிராக்கெட். பிரேக் டெஸ்ட்ல பெடலை ஓங்கி மிதிச்சதும் அது மடங்கிருச்சு. எதிர்ல காலி இடம், யாருக்கும் அடியில்லை. ஆனா ஒரு வருஷ உழைப்பு அங்கேயே முடிஞ்சது.

அந்த வலியோடதான் லோட்டஸ் செவன் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். 1957, இங்கிலாந்து. காலின் சாப்மன் கொண்டுவந்த கார். இரும்புக் குழாய்களை வெல்ட் செய்த கூடு, மேலே அலுமினியத் தகடு, ரெண்டு சீட். அவ்வளவுதான். முழு காரா வாங்கினா வரி. பாகங்களா வாங்கி நீங்களே பூட்டிக்கிட்டா அந்த வரி இல்லை. அதனால நிறைய பேர் வீட்டு கராஜ்லயே இதைக் கட்டினாங்க. அதே கார்ல ரோட்டுல போகலாம், ரேஸும் ஓட்டலாம். 1973-ல உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போச்சு, இன்னைக்கும் தயாராகுது.

அவங்களோட செவன் 170 மாடல் 440 கிலோ. 660 சிசி சுசுகி டர்போ இன்ஜின், 84 குதிரைத்திறன். நம்ம ஊர் ஸ்விஃப்ட்லயும் கிட்டத்தட்ட அதே பவர்தான், ஆனா எடை சுமார் ரெண்டு மடங்கு. பவரைக் கூட்டினா நேர் ரோட்டுலதான் லாபம். எடையைக் குறைச்சா வேகம் எடுக்கும்போது, பிரேக் போடும்போது, வளைவுல திரும்பும்போது, எல்லாத்துலயும் லாபம். கார் லேசானா சின்ன பிரேக், சின்ன டயர் போதும். அதனால இன்னும் லேசாகும்.

ஆனா ரோடு, டிராக் ரெண்டுக்கும் ஒரே கார்னா சிக்கல் இருக்கு. டிராக்குக்கான பிரேக் பேட் நல்லா சூடானாதான் பிடிக்கும். காலைல ஆபீஸ் கிளம்பி முதல் சிக்னல்ல மிதிச்சா வண்டி லேட்டாத்தான் நிக்கும். இன்னொண்ணு, 440 கிலோ கார்ல 70 கிலோ ஆள் உட்கார்ந்தாலே கணக்கு மாறிடும். அதனால சீட்ல ஆள் எடைக்கு மணல் மூட்டை வெச்சு, நாலு வீல் அடியிலும் தராசு வெச்சு, ஸ்பிரிங்கைத் திருகிச் சரி பண்ணுவாங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாப்மனோட ரேஸ் கார்கள் லேசானவை; அடிக்கடி உடையும்னு பேரும் வாங்கினவை. 1970-ல மொன்சாவுல, லோட்டஸ் 72 ஓட்டின யோகன் ரிண்ட் விபத்துல இறந்தார். முன் பிரேக் ஷாஃப்ட் உடைஞ்சதுதான் காரணம்னு விசாரணையில வந்தது; தடுப்பு வேலி சரியாப் பொருத்தப்படாததால அடி இன்னும் மோசமாச்சு. அந்த வருஷ உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகுதான் அவருக்குக் கிடைச்சது.

அதைப் படிச்சப்போ எங்க பிராக்கெட்தான் கண்ணு முன்னாடி வந்தது. சீட் மெத்தை, கதவு, கார்பெட், ஸ்பீக்கர் எதை வேணா கழட்டலாம். உங்க கால்ல இருந்து டயர் வரைக்கும், கையில இருந்து முன் வீல் வரைக்கும் போற பாதையில மட்டும் கணக்குப் போடாம ஒரு கிராம்கூடக் குறைக்கக் கூடாது. அந்தக் கணக்கையும் முதல் நாளே போடணும், கடைசி வாரம் ட்ரில்லோட இல்லை.

அன்னைக்கு முதல் 200 கிராமுக்கே நான் "வேண்டாம் மச்சி"ன்னு சொல்லியிருக்கணும். அடுத்த எபிசோட்ல பாப்போம்!