கைமேற் காசு: கைவினைஞரின் தொழில் நிலைக்கும் வழி

(சங்கத்தின் ஆண்டு விழாக் கருத்தரங்கிலே ஆற்றிய உரை)



கிராமக் கைவினைஞரைப் பற்றிப் பேசும் மேடைகளிலே இரண்டு சொற்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ஒன்று 'பாரம்பரியம்', மற்றையது 'உதவி'. இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்து மூன்றாவது சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சொல் 'காசு'. சமயச் சங்கத்து மேடையிலே காசைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகஞ் சுளித்தல் கூடும். உழைத்தவருடைய கூலியை உரிய காலத்திலே கொடுத்தல் அறங்களுள் ஒன்று. ஆகவே இப்பொருள் இம்மேடைக்கு உரியதே.

நமது வடபுலத்துப் பனையோலைத் தொழிலைப் பாருங்கள். ஒரு பெட்டி எவ்வாறு உருவாகின்றது? முதலிலே மரமேறிக் குருத்தோலை வெட்டவேண்டும். வெட்டுபவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். பின்னர் ஓலையை வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தாலே ஒரே அளவாக வார்ந்து, நிறம் வேண்டுமாயிற் சாயத்தில் அவித்து, மறுபடியும் உலர்த்தவேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே இழைக்கத் தொடங்கலாம். மாரிக்கால ஈரம் பட்டால் ஓலையிற் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே கோடையிலேயே ஓலையைச் சேர்த்து வைத்தல் வேண்டும். சுருங்கச் சொன்னால், பெட்டி முடியுமுன்னரே பணம் கையை விட்டுப் போய்விடுகின்றது.

அப்பெட்டியைக் கடைக்குக் கொண்டு சென்றால் என்ன விடை கிடைக்கின்றது? "வைத்துவிட்டுப் போங்கள், விற்றாற் காசு தருகிறோம்" என்பதே பெரும்பாலும் கேட்கும் விடை. ஒரு மாதங் கழித்துச் சென்றால், பாதி விற்றது, மீதி நிறம் மங்கிவிட்டது என்பார்கள். அதற்கிடையிலே அடுத்த ஓலைக்குக் காசு வேண்டும், அடுப்பெரியவும் வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்கும் வலிமை கடைக்காரருக்கு உண்டு. இழைத்த பெண்ணுக்கு இல்லை. இருந்தும் தாங்குபவள் அவளே. இத்தொழில் நலிவதற்கு நாம் காணும் முதற் காரணம் இதுவே.

இஃது எமது நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1976ஆம் ஆண்டிலே பங்களாதேசத்தின் சிட்டகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த பேராசிரியர் முகம்மது யூனுஸ், அயலிலிருந்த யோப்ரா என்னுங் கிராமத்திலே மூங்கில் முக்காலி செய்யும் பெண்ணொருத்தியைக் கண்டார். மூங்கில் வாங்க அவளிடம் காசில்லை. வியாபாரியிடம் கடன் பெற்றாள். செய்த முக்காலியை அவ்வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கே, விற்கவேண்டியதாயிற்று. அவளைப் போன்று அங்கே கடன்பட்டிருந்தோர் 42 பேர். அவர்களுடைய கடன் அத்தனையுங் கூட்டினால் 856 டாக்கா. ஏறத்தாழ 27 டொலர். இத்துணைச் சிறு தொகை 42 பேரைக் கட்டி வைத்திருந்தது! அத்தொகையைத் தம் சட்டைப்பையிலிருந்தே அவர் கொடுத்தார். 1983இல் கிராமீன் வங்கி எழுந்ததற்கு வித்து அதுவே.

இக்கதையைக் கேட்டவர் பலர், "கடன் கொடுத்தாற் போதும், வறுமை ஒழியும்" என்று முடிவு செய்தனர். அம்முடிவின் விளைவை நாம் கண்கூடாகக் கண்டோம். போருக்குப் பின்னர் எமது ஊர்களுக்குள்ளே நுண்கடன் நிறுவனங்கள் பல நுழைந்தன. கடன் வந்தது, விற்பனைக்கு வழி வரவில்லை. ஒரு கடனை அடைக்க மறு கடன் பட்ட பெண்கள் அநேகர். 2018இலே, வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதென அரசாங்கமே தீர்மானிக்க நேர்ந்தது. பொருளுக்கு விலையும், அவ்விலைக்கு உரிய வேளையும் உறுதியாகாத இடத்திலே கடன் மேலுமொரு சுமையாகும்.

அப்படியாயின் வழி யாது? அதே பங்களாதேசத்திலிருந்து மற்றோர் உதாரணத்தைக் காட்டலாம். 1972இல் உருவான பிராக் என்னும் நிறுவனம், மாணிக்கஞ்ச் என்னும் பகுதியிலே வறிய பெண்களைப் பட்டுத் தொழிலில் ஊக்குவித்தது. டாக்கா நகரத்துக் கடைகள் பட்டை வாங்கின. ஆனாற் பணம் வந்துசேர வாரங்களும் மாதங்களுஞ் சென்றன. இதனைக் கண்ட அந்நிறுவனத்தார் 1978இல் 'ஆரோங்' என்ற கடையைத் தாமே திறந்தனர். பொருளை ஒப்படைத்தவுடன் பெண்களின் கையிலே காசைக் கொடுப்பதற்காகவே அக்கடை பிறந்தது. விற்கும்வரை காத்திருக்கும் பாரம் கடையினுடையதாயிற்று. இன்று அந்நாட்டிலே பேர்பெற்ற விற்பனை நிலையங்களுள் அதுவும் ஒன்று.

நிலைத்து நிற்கும் தொழில் எது என்பதைத் தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா ஆழ்ந்து சிந்தித்தார். அவர் கிறிஸ்தவர், காந்தியடிகள் 1934இல் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். நிலைபேறான பொருளாதாரம் பற்றிச் சிறையிலிருந்தே நூல் எழுதினார். நட்டு வளர்க்காத மரத்தின் கனியைப் பறித்துண்ணும் குரங்கின் வாழ்க்கை ஒரு வகை. கூட்டமாக உழைத்துக் கூட்டத்துக்கே தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்க்கை வேறொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். நமது வியாபாரம் எவ்வகையைச் சார்ந்தது என்று நாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

தேனீயின் வழியைப் பின்பற்ற விரும்பினால் மூன்று விதிகளைக் கைக்கொள்ளவேண்டும் என்பது எமது கருத்து.

முதலாவது, கைமேற் காசு. பெரிய கட்டளையாயின் ஓலை வாங்குவதற்கு முற்பணம். பொருள் வந்த அன்றே மீதிப் பணம்.

இரண்டாவது, நேரிய விலையும் நேரிய தரமும். இழைத்த நேரத்தை மட்டும் எண்ணினாற் போதாது. ஓலை தேடிய நேரம், வார்ந்த நேரம், பழுதாகிக் கழிந்த ஓலை ஆகிய யாவும் விலையிலே சேரவேண்டும். அதேவேளை பன்னிரண்டு பெட்டி கேட்டாற் பன்னிரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்தவேண்டும். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். பொருள் நன்றாயிருந்தால் அவர் மறுபடியும் வருவார். அயலவரையும் அழைத்து வருவார்.

மூன்றாவது, உடைமையிலே பங்கு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலே நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கொரு பவுண் சேர்த்துக் கூட்டுறவுக் கடை தொடங்கினர். கடனுக்கு வியாபாரம் இல்லை, ஒருவருக்கு ஒரு வாக்கு, வரவு செலவு யாவர்க்கும் வெளிச்சம் என்பன அவர்கள் கொண்ட நெறிகள். எமது நாட்டிலும் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. இழைப்பவரும் அங்கத்தவராய், விலை தீர்மானிக்கும் கூட்டத்திலே வாய் திறப்பவராய் இருந்தாலன்றி, எந்த அமைப்பும் அவருக்கு அந்நியமானதே.

நண்பர்களே, இதிலே நமக்குரிய பணி யாது? நாமும் சிறிய அளவிலே தொடங்கலாம். நமது சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறுதொகை இட்டு ஒரு சுழல் நிதி அமைப்போம். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், மூடிப்பெட்டி என நாலைந்து பொருள்களை அளவு குறித்து, கிராமத்துப் பெண்களிடமிருந்து உடனடிக் காசுக்கு வாங்குவோம். விற்று வரும் பணம் மீண்டும் நிதிக்கே சேரும். அடுத்த பெட்டிக்குக் காசாகும். பலகாரம் வழங்கக் கலியாண வீட்டாருக்குப் பெட்டி வேண்டும். பிரசாதம் வழங்க ஆலயத்தாருக்கும் வேண்டும். மாரி பிறக்குமுன்னரே அவர்களிடம் கட்டளை பெற்றுவிட்டால், ஓலை சேர்ப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். கணக்கு எழுதவும், அளவு பார்க்கவும், கடிதம் வரையவும் படித்த நமக்குத் தெரியும். பெற்ற கல்வியை இதற்குப் பயன்படுத்தாவிட்டால் வேறெதற்குப் பயன்படுத்துவது?

இம்முயற்சியிலே இழப்பும் வரலாம். விற்காத பெட்டி சில நம் அறையிலே தேங்கலாம். அந்தப் பாரத்தைச் சுமக்கவே இந்நிதி. இதுகாறும் அதைத் தனியே சுமந்தவர்கள் ஒரு நாட் கூலியையே நம்பி வாழ்பவர்கள், நாமோ பலர்.

அடுத்த ஆண்டு மலரிலே, எத்தனை பேரிடம் எவ்வளவுக்கு வாங்கினோம், எத்தனை நாளிற் காசு கொடுத்தோம் என்ற கணக்கு ஒரு பக்கமாவது வெளிவரவேண்டும். அப்பக்கத்தைப் பெட்டி இழைத்த பெண்ணொருத்தி வாசித்து, "கணக்குச் சரி" என்று சொல்வாளாயின், அதுவே இச்சங்கம் பெறும் பெரும் பாராட்டாகும்.