களைப்பு என்னும் எச்சரிக்கை விளக்கு



நம் நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்டவை திருப்பூர் வட்டாரத்தில் உருவாகின்றன. அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி என்று எத்திசையில் சென்றாலும் தறியோசையும் ஆலையோசையும் நம்மைத் தொடர்ந்து வரும். நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகள். பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதி நாள் நெருங்கினால் இரவும் பகலாகிவிடும். இத்தகைய ஊரில் வளரும் இளைஞர்கள் உழைப்புக்கு அஞ்சுவதில்லை. விடியுமுன் எழுந்து மைதானத்தில் ஓடுகிறார்கள்; பகலெல்லாம் கல்லூரியில் இருக்கிறார்கள்; மாலையில் மீண்டும் பயிற்சி செய்கிறார்கள். வீட்டு வருவாய்க்காக அதன் பின்னர் வேலைக்குச் செல்பவரும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓரிடம் கிடைத்தால் குடும்பம் தலையெடுக்கும் என்ற நம்பிக்கை அவர்களை நடத்திச் செல்கிறது.

அந்த நம்பிக்கை போற்றத்தக்கது. ஆனால் அதன் நிழலில் ஒரு புதுப் பழக்கமும் நுழைந்திருக்கிறது. களைத்த உடலைத் தட்டியெழுப்புவதற்காகப் பயிற்சிக்கு முன் ஒரு கரண்டித் தூளை நீரில் கலந்து குடிப்பதே அது. 'பிரீ ஒர்க்கவுட்' என்பது அதன் கடைப்பெயர். அது நல்லதா, தீயதா என்று கேட்குமுன், களைப்பு என்பது யாது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

வட்டமாகச் சுழலும் பின்னல் எந்திரத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். பல கோன்களிலிருந்து நூல் இறங்கி ஊசிகளுக்குச் செல்கிறது. ஒரு நூல் அறுந்தால் உடனே விளக்கு எரியும். எந்திரம் தானே நின்றுவிடும். எந்திரத்தை ஓட்டுபவர் வந்து நூலை முடிந்துவிட்டு மீண்டும் ஓட்டுவார். உற்பத்தி குறைகிறதே என்று எண்ணி அந்தக் கருவியின் இணைப்பைத் துண்டித்துவிட்டால் என்ன ஆகும்? எந்திரம் நிற்காமல் ஓடும்; துணியோ ஓட்டையும் கிழிசலுமாக இறங்கும். நம் உடலிலும் அத்தகைய விளக்கு ஒன்று உண்டு. அதன் பெயரே களைப்பு.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் பொருந்தும்போது சோர்வும் உறக்கமும் தோன்றுகின்றன. உறங்கும்போது அதன் அளவு குறைகிறது. தசைகளிலோ, சோறும் களியும் தந்த சர்க்கரை, கிளைகோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீண்ட பயிற்சி அச்சேமிப்பைக் கரைத்துவிடும். அது மீண்டும் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கடும் பயிற்சியால் தசை இழைகளில் நுண்ணிய சேதங்களும் உண்டாகின்றன. அவை சீர்படும் காலத்திலேதான் தசை முன்னிலும் வலிமை பெறுகிறது. ஆகவே, பயிற்சி வலிமைக்கு வழி திறக்கிறது. உணவும் உறக்கமும் அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இனி அந்தத் தூளுக்கு வருவோம். அதில் முதன்மையானது காப்பியில் உள்ள அதே காபீன். ஒரு கரண்டியில் பெரும்பாலும் 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். அடினோசின் அமர வேண்டிய இடத்தில் காபீன் சென்று அமர்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு தெரிவதில்லை. ஆனால் கரைந்த கிளைகோஜன் நிரம்பவில்லை. தசையின் சேதம் சீராகவில்லை. விளக்கு மட்டுமே அணைந்திருக்கிறது. தூளைக் குடித்தவுடன் தோலில் ஊரும் குறுகுறுப்பைச் சிலர் பலம் ஏறுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது பீட்டா அலனின் என்னும் பொருள் தோலின் நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் எழும் உணர்ச்சியே.

வளர்ந்தவர்கள் அளவோடு கொள்ளும் காபீன் விளையாட்டுத் திறனைச் சற்றுக் கூட்டும் என்பதும் உண்மையே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004ஆம் ஆண்டில் அதனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எனினும் அளவு என்று ஒன்று உண்டு. நலமுள்ள வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராமும் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமும் வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டில் வகுத்தது. சிறுவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றது. ஐம்பது கிலோ எடையுள்ள பள்ளி மாணவனுக்கு இது 150 மில்லிகிராம். அதாவது ஒரு கரண்டியே வரம்பைத் தாண்டிவிடக்கூடும். மேலும், உட்கொண்ட காபீனில் பாதி நீங்கவே பெரும்பாலோர்க்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்கு 300 மில்லிகிராம் அருந்தியவரின் உடலில் இரவு பதினொரு மணிக்கு 150 மில்லிகிராம் மீந்திருக்கும். அவர் உறக்கம் கெடும். மறுநாள் களைப்பு மிகும். அதற்கு மருந்தாக மீண்டும் ஒரு கரண்டி வேண்டும். இச்சுழலில் உடல் எப்போது சீர்படும்?

களைப்பை அடக்கும் முயற்சி எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கு 1967ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் ஒரு சான்று. டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில், கடும் வெயிலில் மோன் வான்டூ மலை மீது ஏறிக்கொண்டிருந்தார். தள்ளாடி விழுந்தார்; மீண்டும் வண்டியில் ஏறினார்; மறுபடி விழுந்து உயிர் நீத்தார். வயது 29. அவர் உடலில் ஆம்பெட்டமின் என்னும் ஊக்கி இருந்தது கண்டறியப்பட்டது. ஆம்பெட்டமின் காபீனைக் காட்டிலும் பன்மடங்கு கொடியது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது தவறு. ஆனால், நில் என்று உடல் கூறும்போது அக்குரலைக் கேளாமற் செய்வது என்ற கருத்து இரண்டிற்கும் பொதுவானது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. டப்பாவின் மேல் எழுதப்பட்டதெல்லாம் உள்ளே இருக்கும் என்றோ, உள்ளே இருப்பதெல்லாம் மேலே எழுதப்பட்டிருக்கும் என்றோ உறுதி இல்லை. 2010ஆம் ஆண்டில் தில்லி காமன்வெல்த் விளையாட்டிலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய மகளிர் தங்கம் வென்றதை நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டு, அந்நால்வருள் மூவர் உள்ளிட்ட சில வீராங்கனைகளின் சோதனையில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டுகள் தென்பட்டன. பயிற்சியாளர் வழியாகக் கிடைத்த ஜின்செங் ஊட்டப்பொருளில் அவை கலந்திருந்தன என்று அவர்கள் வாதாடினர். முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அதனை இரண்டாண்டாக உயர்த்தியது. இலண்டன் ஒலிம்பிக் கை நழுவிப் போயிற்று. தம் உடலுள் சென்றதற்குத் தாமே பொறுப்பு என்பதே விளையாட்டுலகின் சட்டம். 'தெரியாது' என்பது அங்கே முழு விடையாகாது.

இவற்றினும் ஓசையின்றி வரும் கேடு ஒன்று உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974ஆம் ஆண்டில் அதனை 'எரிந்து தீர்தல்' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். விளையாட்டு வீரரிடத்தில் அதன் அடையாளங்கள் மூன்று என்பர். உடலும் உள்ளமும் ஓய்ந்து போதல். எவ்வளவு முயன்றும் முன்னேறவில்லை என்ற எண்ணம். உயிராக நேசித்த விளையாட்டே வெறுத்துப் போதல். அந்நிலையில் ஓடும் மாணவியைச் சோம்பேறி என்று ஏசுவதும், மேலும் இரண்டு சுற்று ஓடு என்று விரட்டுவதும் கொடுமையாகும்.

அவள் சோர்வுக்கு வேறு காரணமும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணுக்குக் காபீன் தூளைக் கொடுப்பது, நோயை மூடி மறைப்பதேயன்றி வேறில்லை. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அங்கே தமக்கேற்ற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடியதே இறுதியில் தளர்ந்ததற்குக் காரணம் என்று அவரே பின்னாளில் கூறினார். பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே நின்றது நல்ல உணவு.

மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு மருந்தின் பெயரையும் கூறவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் பேசுகிறார். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமும் நீரும், பின்னர் சோறு, பருப்பு, முட்டை, வேர்க்கடலை, கீரை என்று வீட்டில் கிடைப்பனவும் போதும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலிருந்தபடியே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட அது சில நாள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஓய்ந்தும் சோர்வு தீராவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். ஒரு பிள்ளை நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கினான், வேலைக்குச் சென்றானா, காலையில் என்ன உண்டான் என்று கேட்டறிந்த பின்னரே இன்றைய பயிற்சியை வகுக்க வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவனுக்கும் நன்கு உறங்கி வந்தவனுக்கும் ஒரே அளவுப் பயிற்சி பொருந்தாது.

இளைஞர்களே! உங்கள் முன் நெடுங்காலம் இருக்கிறது. பதினேழு வயதில் வெல்லும் ஒரு பந்தயத்துக்காக இருபத்தைந்து வயதில் ஓட வேண்டிய கால்களை அடகு வைத்துவிடாதீர்கள். உடல் களைப்பைச் சொன்னால் செவி கொடுங்கள், உண்ணுங்கள், உறங்குங்கள், மறுநாள் மைதானத்துக்கு மகிழ்ச்சியோடு வாருங்கள்.